ஒரு நூல், மூன்று கணக்கு

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உலு திராம் இருக்கிறது. முன்பு ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் சூழ்ந்திருந்த ஊர்; இன்று வீடமைப்புப் பகுதிகள் நெருங்கிய சிறு நகரம். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, ஜொகூர் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு இரவில் வீடு திரும்புவோர் இங்குப் பலர் உள்ளனர்.

இவ்வூர் இடைநிலைப்பள்ளி ஒன்றின் தமிழ்மொழிக் கழகம் ஆண்டுமலர் வெளியிடப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மு. வரதராசனார் உரையுடன் பத்துத் திருக்குறள், பாரதியார் பாடல் ஒன்று, கண்ணதாசன் கவிதை ஒன்று, ‘பொன்னியின் செல்வன்’ புதினத்திலிருந்து ஓர் அத்தியாயம், அதற்கு ஓவியர் மணியம் வரைந்த ஒரு படம் ஆகியவற்றைச் சேர்க்க மாணவர்கள் விரும்புகின்றனர். மலரை அச்சிட்டு விற்பதுடன் இணையத்திலும் ஏற்ற எண்ணம். இவற்றுள் எதற்கு அனுமதி வேண்டும்? எதற்கு வேண்டியதில்லை?

‘எல்லாம் பழைய நூல்கள்தானே’ என்று சொல்லிவிட முடியாது. ஒரு படைப்பு பழையதாக இருப்பதும், அதன் மீதான உரிமை முடிந்துவிடுவதும் வெவ்வேறு. அந்த உரிமைக்குப் பெயர் பதிப்புரிமை. சிலர் இதனைக் காப்புரிமை என்றும் சொல்வர். ஆயினும் அச்சொல் புதிய கருவிகளைக் கண்டுபிடித்தவர்க்குத் தரப்படும் உரிமைக்கே பொருத்தமானது. கதை, கவிதை, கட்டுரை, ஓவியம், இசை ஆகியவற்றைப் படைத்தவர், அவற்றைப் படியெடுக்கவும் அச்சிடவும் விற்கவும் மொழிபெயர்க்கவும் கொண்டுள்ள தனியுரிமையே பதிப்புரிமை. இதற்கு எங்கும் சென்று பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் நேற்று எழுதிய சிறுகதைக்கும் அந்த உரிமை உண்டு.

இந்த உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை முடிந்ததும் படைப்பு அனைவர்க்கும் உரியதாகிறது. யாரும் அச்சிடலாம், நாடகமாக்கலாம், குறைந்த விலைக்கு விற்கலாம், விலையின்றியும் கொடுக்கலாம். இந்நிலையைச் சிலர் பொதுவுடைமை என்பர். அச்சொல்லுக்கு அரசியலில் வேறு பொருள் இருப்பதால், இப்பாடத்தில் பொதுவுரிமை என்றே குறிப்பிடுவோம்.

எல்லையை எப்படிக் கணக்கிடுவது? மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பாளரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். இந்தியாவில் அது 60 ஆண்டு. சிங்கப்பூரில் 70 ஆண்டு. இலங்கையிலும் 70தான். மறைந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை; மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் முதல் நாளிலிருந்து எண்ணுவர். அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் நாள் ஒரு வரிசைப் படைப்பாளர்கள் ஒன்றாகப் பொதுவுரிமைக்குள் வருகின்றனர்.

மலரின் முதற்பகுதியையே எடுத்துக்கொள்வோம். திருக்குறளுக்கு உரிமையாளர் யாரும் இல்லை. அது தமிழ் படிக்கும் எல்லாருடைய சொத்து. ஆனால் மு. வரதராசனார் எழுதிய தெளிவுரை அவருடைய உழைப்பு. 1949இல் வெளிவந்த அவ்வுரையை நாம் பள்ளியில் பலமுறை கண்டிருப்போம். அவர் 1974ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தார். மலேசியக் கணக்குப்படி 2024 டிசம்பர் 31இல் 50 ஆண்டு நிறைவு பெற்றது. 2025 ஜனவரி முதல் உலு திராம் மாணவர்கள் அவ்வுரையைத் தங்கள் மலரில் அச்சிடத் தடை இல்லை. இந்தியாவின் கணக்கில் அந்த நாள் 2035 ஜனவரி 1. சிங்கப்பூரில் அது 2045 ஜனவரி 1. ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அந்த ஒரு கிலோமீட்டரைக் கடந்தால் அதே உரையின் உரிமை 20 ஆண்டு கூடுதலாக நீள்கிறது.

அதே 1974ஆம் ஆண்டில், மார்ச் மாதம், சிங்கப்பூரில் மறைந்தவர் கோ. சாரங்கபாணி. 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கியவர். பாலத்தின் இரு பக்கத்துத் தமிழரையும் ஒரே வாசகர் கூட்டமாக எண்ணி எழுதியவர். அவர் எழுதியவையும் இன்று பாலத்துக்கு இந்தப் பக்கம் பொதுவுரிமை, அந்தப் பக்கம் தனியுரிமை. எந்த நாட்டில் படியெடுக்கிறோமோ அந்த நாட்டின் சட்டமே பொருந்தும் என்பதால், அச்சிட்ட மலருக்குச் சிக்கல் குறைவு. இணையத்தில் ஏற்றும்போதுதான் சிந்திக்க வேண்டியுள்ளது. இணையப் பக்கத்துக்குக் குடிநுழைவுச் சாவடி இல்லை அல்லவா?

ஏன் இந்த வேறுபாடு? பதிப்புரிமையின் ஆண்டுக்கணக்கு இயற்கை விதியன்று. மக்கள் மன்றங்கள் கூடி முடிவு செய்த எண்ணே அது, மாறிக்கொண்டே வந்துள்ளது. 1710இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த முதற்சட்டம் புதிய நூலுக்கு 14 ஆண்டுகளே வழங்கியது. அதன் முடிவில் ஆசிரியர் உயிருடன் இருந்தால் இன்னொரு 14 ஆண்டு. அவ்வளவுதான். அதன்பின் ஆண்டுகள் கூடினவே தவிரக் குறையவில்லை.

கூடிய விதத்தைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு. இரவீந்திரநாத் தாகூர் 1941இல் மறைந்தார். இந்தியச் சட்டம் அப்போது 50 ஆண்டு என்று கூறியதால், 1991 இறுதியில் அவருடைய நூல்கள் பொதுவுரிமைக்கு வரவேண்டும். அவற்றின் உரிமை அவர் நிறுவிய விசுவபாரதிப் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. உரிமை போய்விடுமே என்ற கவலை எழுந்தது. அந்த ஆண்டின் கடைசி நாள்களில் அவசரச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் 50ஐ 60 ஆக்கியது. ஒரு கவிஞரை மனத்தில் வைத்துச் செய்த மாற்றம், நாட்டின் எல்லா எழுத்தாளர்க்கும் பொருந்தியது. அமெரிக்காவிலும் 1998இல் 20 ஆண்டுகள் சேர்த்தனர். அதனால் 1999 முதல் 2018 வரை அங்கு வெளியீட்டு ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படும் பழைய நூல்களும் படங்களும் பொதுவுரிமைக்கு வரவில்லை. மிக்கி எலி முதன்முதலில் புகழ்பெற்ற 1928ஆம் ஆண்டுக் குறும்படம், 95 ஆண்டு முடிந்து, 2024 ஜனவரி 1இல்தான் அங்கே பொதுவுரிமை பெற்றது.

நம் நாட்டிலும் இந்த எண் மாறும் நிலை ஒருமுறை வந்தது. 2016இல் மலேசியா உட்பட 12 நாடுகள் பசிபிக் வட்டார வணிக உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அதன்படி 50 ஆண்டு 70 ஆக உயர வேண்டியிருந்தது. மறு ஆண்டு அமெரிக்கா விலகிக்கொண்டது. எஞ்சிய 11 நாடுகள் உடன்படிக்கையைத் திருத்தியபோது அந்த விதியை நிறுத்தி வைத்தன. திருத்திய உடன்படிக்கை 2022 நவம்பரில் மலேசியாவில் நடப்புக்கு வந்தபோது, 50 என்பது 50 ஆகவே இருந்தது. அவ்விதி நின்றிராவிட்டால், மு.வ.வின் உரைக்காக நாம் 2045 வரை காத்திருக்க நேர்ந்திருக்கும்.

படைப்பாளர் மறைந்தபின்னும் உரிமை எதற்கு என்று கேட்கத் தோன்றும். புதுமைப்பித்தனை நினைத்தால் விடை கிடைக்கும். தமிழ்ச் சிறுகதையின் போக்கையே மாற்றிய அவர், 1948இல் தமது 42ஆம் வயதில் வறுமையோடும் நோயோடும் போராடி மறைந்தார். மனைவியும் சிறு மகளும் இருந்தனர். அவர் விட்டுச்சென்ற சொத்து அவர் எழுதிய கதைகளே. அவற்றை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுப் பணம் பண்ணலாம் என்றால், அது அக்குடும்பத்துக்குச் செய்யும் அநீதி. எழுத்தாளரின் குழந்தைகள் வளர்ந்து ஆளாகும் வரையாவது உரிமை நீடிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. பேரக்குழந்தைகள் காலம் வரை நீடிக்க வேண்டுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது.

உரிமை ஒருவர் கையில் இருப்பதால் வரும் தொல்லைக்குப் பாரதியார் பாடல்களின் வரலாறே சான்று. தமிழில் பதிப்புரிமை பற்றி எண்ணுவோர் முதலில் அறிய வேண்டிய வரலாறும் இதுதான். பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தார். அவருடைய நூல்களை முதலில் மனைவி செல்லம்மாளும், பின்னர்த் தம்பி விசுவநாதனும் வெளியிட்டு வந்தனர். 1930களில் பாடல்களை இசைத்தட்டாக்கும் உரிமை மட்டும் ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் விலைக்குப் போயிற்று. நூல் அச்சிடும் உரிமை ஓரிடத்தில், பாடலை ஒலிக்கச் செய்யும் உரிமை வேறிடத்தில். பின்னர் அந்த உரிமையைத் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பன் வாங்கினார். 1947இல் வந்த அவருடைய ‘நாம் இருவர்’ திரைப்படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள் தமிழகமெங்கும் ஒலித்தன. அதே உரிமை மற்றவர்க்குத் தடையாகவும் நின்றது. புகழ்பெற்ற நாடகக் குழுவினரான டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாடலொன்றைச் சேர்த்தபோது, மெய்யப்பன் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது.

விடுதலை பெற்ற நாட்டில் விடுதலைக் கவியின் பாட்டைப் பாடத் தனியொருவரின் இசைவு வேண்டுமா? எழுத்தாளர்களும் கலைஞர்களும் கூட்டம் கூட்டிக் கேட்டனர்; இதழ்கள் எழுதின. 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு, பாரதியார் படைப்புகளின் உரிமையை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமலே ஒப்படைத்தார். அவர் மீது கடுமையான சொற்கள் வீசப்பட்ட காலத்தில் அவர் செய்த இச்செயலையும் நினைவில் வைக்க வேண்டும். குடும்பத்தார்க்கு அரசு பணம் வழங்கியது. 1950களின் நடுப்பகுதியில், யாரும் அச்சிடலாம் என்று பாடல்கள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. சட்டம் தன் வழியில் நடந்திருந்தால் 1972 ஜனவரியில்தான் அது நிகழ்ந்திருக்கும். ஆகவே நம் ஆண்டுமலரில் பாரதியார் பாடலுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அரசு உரிமையை வாங்கி மக்களிடம் கொடுப்பதற்கு நாட்டுடைமையாக்கல் என்று பெயர். பாரதியாரில் தொடங்கிய இவ்வழக்கம் தமிழ்நாட்டில் தொடர்ந்தது. இதுவரை 100க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகியுள்ளன. குடும்பத்தார்க்கு ஒரு தொகை; வாசகர்க்கு நூல். புதுமைப்பித்தனின் கதைகள் 2002இல் இவ்வாறு வந்தன. கல்கியின் நூல்கள் அவரது நூற்றாண்டான 1999இல் வந்தன. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தவர். இந்தியச் சட்டப்படி 2015 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியவை 15 ஆண்டுகள் முன்னதாகவே கிடைத்துவிட்டன. அதனால்தான் ‘பொன்னியின் செல்வன்’ புத்தகக் கடையில் பல பதிப்பகங்களின் பெயரில், பல விலைகளில், பல கனங்களில் கிடைக்கிறது. எல்லாம் நல்ல பதிப்பு என்று சொல்வதற்கில்லை. எழுத்துப்பிழை மலிந்தவையும் உண்டு. வாங்கும்போது நான்கு பக்கம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஆகவே ‘பொன்னியின் செல்வன்’ அத்தியாயத்தை மலரில் சேர்க்கலாம். படம்? கதையின் உரிமை வேறு, ஓவியத்தின் உரிமை வேறு. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை அத்தொடர் வெளிவந்தபோது வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் கொடுத்தவர் மணியம். அவர் 1968இல் மறைந்தார். மலேசியாவில் அவர் ஓவியங்களின் உரிமை 2018 முடிவில் நிறைவடைந்தது. இந்தியாவில் 2028 முடிய இருக்கிறது. எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், உரை எழுதியவர் என்று ஒரே நூலுக்குள் பலர் இருப்பர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே கணக்குப் போட வேண்டும். அட்டைப்படத்தை மறந்துவிட்டு அகப்பட்டுக்கொள்வோர் அதிகம்.

கண்ணதாசனின் கவிதைதான் எஞ்சியுள்ளது. 1981இல் மறைந்த அவருடைய படைப்புகள் மலேசியாவில் 2031 முடியவும், இந்தியாவில் 2041 முடியவும், சிங்கப்பூரில் 2051 முடியவும் உரிமைக்கு உட்பட்டவை. 2009இல் தமிழக அரசு நாட்டுடைமையாக்க விரும்பிய எழுத்தாளர் பட்டியலில் அவர் பெயரும் சுந்தர ராமசாமியின் பெயரும் இருந்தன. இரு குடும்பத்தாரும் உடன்படவில்லை. நன்கு விற்கும் நூல்களைத் தாங்களே பேணிப் பதிப்பித்து வரும் குடும்பத்துக்கு, ஒருமுறை தரும் தொகை ஈடாகாது என்பது நியாயமே. எனவே கண்ணதாசன் கவிதையை வகுப்பில் படித்துச் சுவைக்கலாம். கட்டுரையில் சில அடிகளை மேற்கோளாகக் காட்டலாம். முழுக் கவிதையை அச்சிட்டு விற்கும் மலரில் சேர்க்க, மாணவர்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். பெரும்பாலும் இத்தகைய கடிதத்துக்கு அன்பான பதிலே வரும். எழுதிக் கேட்டுப் பழகுவது நல்ல பயிற்சியுங்கூட.

இவ்வளவும் பெயர் பெற்ற, தேடினால் கிடைக்கும் நூல்களைப் பற்றியது. மலேசியத் தமிழ் நூல்களின் நிலை வேறு. நம் எழுத்தாளர் பலர் தோட்டத்தில் பால் மரம் சீவியும், பள்ளியில் கற்பித்தும், அலுவலகத்தில் எழுத்தராக இருந்தும் எழுதியவர்கள். கைப்பணம் போட்டுச் சில நூறு படிகளோ ஆயிரம் படிகளோ அச்சிட்டனர். உறவினர்க்கும் நண்பர்க்கும் கொடுத்தனர். தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிகளில் விற்றனர். இரண்டாம் பதிப்பு வந்த நூல்கள் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, அலமாரிகளோடு அந்தப் புத்தகங்களும் சிதறின. உலு திராம் போன்ற ஊர்களில் பழைய வீடு மாறும்போது கறையான் அரித்த தமிழ்ப் புத்தகம் குப்பைக்குப் போவதைப் பார்த்தவர் இருப்பர்.

இத்தகைய நூலை ஒருவர் மறுபதிப்புச் செய்ய விரும்பினால் முதலில் எழுத்தாளரின் வாரிசைத் தேட வேண்டும். பல நூல்களில் புனைபெயர் மட்டுமே இருக்கும். புனைபெயருக்குப் பின்னால் யார் என்று தெரியவே வழியில்லை என்றால், வெளிவந்த ஆண்டிலிருந்து 50 ஆண்டு என்று நம் சட்டம் கணக்கிடுகிறது. ஆள் தெரிந்துவிட்டால் வாழ்நாளும் 50 ஆண்டும் என்ற பழைய கணக்குக்கே திரும்ப வேண்டும். வாரிசு இருந்தும் முகவரி தெரியாமல், விற்பவரும் இல்லாமல், அச்சிடுபவரும் இல்லாமல் கிடக்கும் நூலை ஆங்கிலத்தில் அநாதை நூல் என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுகின்றனர். பொருத்தமான பெயர்தான்.

பெரிய மொழிகளின் புகழ்பெற்ற நூலுக்கு 50 ஆண்டுக் காத்திருப்பு பெரிதல்ல. அது நூலகங்களில் இருக்கும். 500 படி அச்சான நூலுக்கு 50 ஆண்டு நெடுங்காலம். உரிமை முடியும் நாளில் அச்சிட எடுத்துக்கொள்ள ஒரு படியாவது மிஞ்சியிருக்க வேண்டுமே! ரெ. கார்த்திகேசு 2016இல் மறைந்தார். அவருடைய ‘வானத்து வேலிகள்’ மலேசியாவில் பொதுவுரிமைக்கு வருவது 2067 ஜனவரி 1. இன்று 15 வயதில் இருப்பவர் அன்று அறுபதை நெருங்கியிருப்பார். ரெ.கா. பலர் அறிந்த பேராசிரியர். அவர் நூல்களைத் தேடி எடுக்க ஆள் உண்டு. அவரைப் போல் அறியப்படாதவரின் நூலுக்கு?

இதற்குச் சிலர் வழி கண்டுள்ளனர். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று ‘மதுரைத் திட்டம்’ என்ற தன்னார்வ முயற்சியைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழர் ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் விலையின்றி வைக்கின்றனர். உரிமை முடிந்தவற்றையும் உரிமையாளர் இசைவு தந்தவற்றையும் மட்டுமே அவர்கள் சேர்க்கின்றனர். ஆக, வாரிசுகள் விரும்பினால் 2067 வரை எவரும் காத்திருக்க வேண்டியதில்லை. எழுத்தாளர் உயிருடன் இருக்கும்போதே, ‘என் நூலை எவரும் படியெடுக்கலாம்’ என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டால் போதும்.

உலு திராம் மலர்க்குழுவினர் ஆறாவதாக ஒரு பகுதியைச் சேர்க்கலாம். தங்கள் வட்டாரத்தில் நூல் எழுதியவர் யார், அவர் நூலின் படி யாரிடம் உள்ளது, உரிமை இப்போது யாருடையது என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு பட்டியல் தயாரிக்கலாம். மூன்று கேள்விக்கும் விடை தெரிந்த பெரியவர்கள் இன்னும் அவ்வூரில் இருக்கக்கூடும்.